பச்சை நூல் கட்டிய விளக்குமாறு

தேயிலை என்றால் எல்லோருக்கும் இலை நினைவுக்கு வரும், பனி நினைவுக்கு வரும். எனக்குத் தூசிதான் நினைவுக்கு வரும். எழுபதுகளில் மூணாற்றில் ஒரு தேயிலைக் கம்பெனியின் ஸ்டோர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். பக்கத்துக் கட்டிடம் ஃபாக்டரி. அங்கே இலை வாடி, நசுங்கி, புளித்து, வறுபட்டு, சலிக்கப்பட்டுத் தேயிலையாகும் ஒவ்வொரு கட்டத்திலும் தூசி கிளம்பும். பழுப்புத் தூசி. பறக்கும், மிதக்கும், ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டு வெளியே தெரியும் மலையைப் பழுப்பாக்கும், கண் இமையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும். குளித்துத் தலை துவட்டினால் துண்டில் டீ மணக்கும். அந்தத் தூசியைப் பெண்கள் நாள் முழுதும் கூட்டிக்கொண்டே இருப்பார்கள். கூட்டிய இடத்தில் மறுபடி தூசி, மறுபடி விளக்குமாறு. இயந்திரங்களின் இரைச்சலுக்கு அடியில் காது வைத்துக் கேட்டால் அந்தச் சர்... சர்... ஓயாமல் இருக்கும், மலை தூங்கும்போது விடும் மூச்சு மாதிரி.

ஆகவே கம்பெனிக்கு விளக்குமாறு வேண்டும். ஃபாக்டரிக்கு வேண்டும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் தெருக்களுக்கு வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வேண்டும். நம் வீட்டுக்கு என்றால் சந்தைக்குப் போவோம், ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பார்ப்போம், கடைக்காரனோடு கொஞ்சம் சண்டை போடுவோம், வாங்கிவிடுவோம். கம்பெனியால் அப்படி முடியாது. பாவம், அதற்குக் கை கிடையாது. யார் யாருடைய கைகளையோ இரவல் வாங்கித்தான் ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சின்னாறு காட்டில் யானை ஒன்று மரப்பாலத்தின் முன்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். துதிக்கையால் தட்டும். ஒரு காலை வைக்கும், எடுக்கும். திரும்பிப் போகிற மாதிரி பாவனை செய்யும். மறுபடி வரும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு பயம் தேவைதான். விழுந்தால் சாதாரண விழுகையாக இருக்காது.

அந்த யானையின் முன்னால் ஒரு வருடம் பாலமாகக் கிடந்தவள் என் அக்கா.

அக்கா வாழ்க்கைப்பட்டது கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில். சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு, தாண்டாவிட்டால் பாலக்காடு. தென்னைமரங்களுக்கு அந்தச் சாவடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தலையாட்டும். மச்சானுக்குத் தோப்பு இருந்தது, கடலைக்காடு இருந்தது, அவற்றுக்கேற்ற கௌரவமும் இருந்தது, ஊரில் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு இருந்தது சும்மா இருக்க முடியாத கை. அது எங்கள் குடும்பத்துக் கை, எனக்கும் உண்டு. நான் எழுதுகிறேன், அவள் எதையாவது கட்டுவாள். தோப்பில் விழுந்துகொண்டே இருக்கும் ஓலையைப் பார்த்தாள். கடலை பறித்து முடிந்தபின் வேலையில்லாமல் வாய்க்கால் கரையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். மாடுகளை விற்றபின் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்தாள். மூன்றையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். கொட்டகையில் ஓலை கிழிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஈர்க்குகள் சேர்ந்து விளக்குமாறுகளாயின, கொல்லங்கோட்டுச் சந்தைக்குப் போயின.

மச்சானுக்குத் தலை குனிந்துபோனது.

"காடு தோட்டம் இருக்கற ஊட்டுல சீமாறு விக்கறதா?" என்று கேட்டாராம். "நாளைக்கு ஒரு கல்யாணங்காச்சிக்குப் போனா நாலு பேரு என்னை என்னன்னு கேப்பான்?"

"தேங்கா விக்கறப்ப வராத வெக்கம் ஓலை விக்கறப்ப மட்டும் எங்கிருந்துங்க வருது? ரெண்டும் ஒரே மரந்தானுங்க."

மச்சான் கோபக்காரர் அல்ல. அவருடைய பிடிவாதம் வேறு மாதிரி, மெதுவாக வரும், வந்தால் போகாது. அந்தக் கொட்டகையில் எருமை கட்டுவதென்று அவர் மனதில் இருந்தது. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். "பெரிய எடம் எதாச்சும் ஒண்ணு வருசம் பூரா எடுத்துக்கறேன்னு சொல்லட்டும். கொட்டாய் உன்றது. இல்லீன்னா வைகாசில எருமை வந்துரும்" என்றார் மச்சான். அக்கா சரியென்றாள். அவள் சரியென்றதைக் கேட்டு அந்தப் பெண்களும் வேறு வேலை தேடாமல் இருந்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு நான் போயிருந்தபோது இலையில் ஒப்புட்டு வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன்டா தம்பி, உங்க கம்பெனில கூட்டறாங்களா, இல்ல அப்படியே உட்டுடறாங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் அபேட்சை எழுதிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் விண்ணப்பத்தை அபேட்சை என்றுதான் சொல்வோம், ஆபீஸ் சம்பந்தப்பட்ட சொல் எல்லாம் மலையாளத்திலிருந்துதான் எங்களிடம் வரும். கூடவே மாதிரிக்குச் சில விளக்குமாறுகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு மலையேறி, ஸ்டோர் சூப்பரண்டு மேஜைமுன் வைத்த கையோடு சொல்லிவிட்டேன். "சார், இது என் அக்கா."

சூப்பரண்டு எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர், பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலியிலேயே இருந்தது. வெயிலிலும் குரங்குக் குல்லாய் போட்டிருப்பார். எந்தப் பொருள் வந்தாலும், ஆணியாக இருந்தாலும், முதலில் மோந்து பார்ப்பார். அக்காவின் விளக்குமாற்றையும், அவர் பேச்சில் வாரியலை, மோந்து பார்த்தார்.

"அக்காவா? அப்ப இன்னையிலருந்து உன் வாய்க்குப் பூட்டு. இது யாருதுன்னு எவன்ட்டயும் சொல்லாத. ஊருக்குக் கடுதாசி போட்டா மழை வெயில விசாரி, வாரியல விசாரிக்காத. அவ்வளவுதாம்."

முதல் சோதனை இப்படி இருந்தது. விளக்குமாறு தருகிறோம் என்று முன்வந்த எல்லோருடைய மாதிரிகளையும் சூப்பரண்டு ஓர் அறையில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கலர் நூல் இருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. எந்த நூல் யாருடையது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நூல் கட்டிய விளக்குமாறுகள் ஃபாக்டரியில் கூட்டும் பெண்களிடம் போயின. ஒரு மாதம் கூட்டட்டும், பிறகு கேட்கலாம் என்றார்.

எனக்குத் தெரியக்கூடாதுதான். ஆனால் அக்கா என்ன செய்திருந்தாள் என்றால், மாட்டுவதற்காக மேலே விட்டிருந்த கயிற்றைப் பின்னல் மாதிரி மூன்று காலாகப் பின்னிவிட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தனக்குத்தானே பின்னிக்கொள்வாளே, அதே பின்னல். அந்தப் பின்னல் இருந்ததன் கழுத்தில் பச்சை நூல். அந்த மாதம் முழுதும் ஃபாக்டரிப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் பச்சை நூலைத் தேடிப்போகும், நான் அதை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்புவேன்.

மாதம் முடிந்து சூப்பரண்டு அந்தப் பெண்களை ஸ்டோர் வாசலுக்குக் கூப்பிட்டார். அவர்களில் மூத்தவள், மூக்குத்தியிலும் தூசி படிந்தவள், முதலில் பேசினாள்.

"சிவப்பு நூலும் மஞ்சளும், தல முடி கொட்டுத மாதிரி கொட்டுது சார். நாங்க தூசியக் கூட்டுததா, அது கொட்டுனதப் பொறுக்குததா?"

"நீலம்?"

"நீலத்தக் கம்பி போட்டுக் கட்டிருக்கான். கெட்டியாத்தான் இருக்கு. ஆனா கம்பி முனை பிரிஞ்சு கையக் கீறுது, பாருங்க. ஒரு துண்டு ஒடஞ்சு தேயிலைக்குள்ள போச்சுன்னா எங்களத்தான கேப்பிய?"

"பச்சை?"

நான் மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பச்சை நீளமா இருக்கு. குனிய வேண்டாம். ராத்திரி படுத்தா முதுகு நம்ம முதுகு மாதிரி இருக்கு." அவள் கொஞ்சம் யோசித்தாள். "கட்டுனவ யாருன்னு தெரியல. அவளும் என்னைய மாதிரி இடுப்பு வலிக்காரியாத்தான் இருப்பா."

அக்கா எங்கள் தெருவிலேயே உயரமானவள். ரெண்டு பிரசவத்துக்குப் பிறகு வாசல் கூட்டும்போது இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் கூட்டுவாள். அவளைப் பார்த்தேயிராத ஒருத்தி, அத்தனை காடும் மலையும் தள்ளி, ஒரு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டே அவளுடைய இடுப்பைத் தொட்டுவிட்டாள். ரப்பர் ஸ்டாம்பை அதற்குமேல் துடைக்க முடியவில்லை.

பச்சை நூல் ஜெயித்தாயிற்று, இனி என்ன என்று நினைத்தேன். சூப்பரண்டு சிரித்தார். "மாதிரிக்கு நாலு எவனும் நல்லாக் கட்டிருவான்டே. ஆயிரங் கட்டுத எடம் எப்படி இருக்குன்னு பாக்கணும்லா? கூரை ஒழுகுமா, ஆளு உண்டுமா, மழையில எங்க காயப்போடுதாங்க, எல்லாம் பாக்கணும்." தேதி குறித்து ஒரு தபால் அட்டை போட்டார். இன்னாரைப் பார்வையிட இன்ன தேதியில் கம்பெனி ஆட்கள் வருவார்கள். அவ்வளவே. நான் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் போதும், ஆனால் என் வாயில் பூட்டு. வழி காட்டவும், கொங்குப் பேச்சு ஏதும் புரியாவிட்டால் எடுத்துச் சொல்லவும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனி ஜீப், ஓட்ட ஒரு டிரைவர். மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி. ஸ்வெட்டரோடு கிளம்பி, வழியில் ஒவ்வொன்றாகக் கழற்றி, வெறும் சட்டையும் வேர்வையுமாய்ப் போய்ச் சேரும் பாதை அது.

பார்வையிடுவது என்ற சொல் அக்காவுக்குத் தெரிந்த அகராதியில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பெண் பார்க்க வருவது.

ஜீப் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது வாழைமரம். கொட்டகையின் இரு பக்கமும் குலையோடு கட்டியிருந்தார்கள். மாவிலைத் தோரணம். வாசலில் செம்மண் இட்ட பெரிய கோலம். கொட்டகைத் தரை சாணம் மெழுகி, காய்ந்து, பச்சைப் பசேலென்று, ஒரு துரும்பு இல்லாமல் பளிச்சென்று கிடந்தது. ஈர்க்கு கிழிக்கும் பெண்கள் எல்லோரும் பட்டுச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து, வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருசேர எழுந்து நின்றார்கள். மச்சான் கஞ்சிபோட்ட சட்டையில் மடங்க முடியாமல் நின்றுகொண்டு, "வாங்க வாங்க, வாங்க" என்று மூன்று பேரையும் தனித்தனியாகக் கும்பிட்டார்.

சூப்பரண்டு கொட்டகைக்குள் போனார். நான்கு மூலையையும் பார்த்தார். குல்லாயைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"ஏம்மா, வாரியல எங்க?"

அக்கா முகம் சுருங்கியது. ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட பெரியவரைச் சங்கடப்படுத்தாமல் பதில் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஊட்டுக்கு ஆளுக வர்றப்ப சீமாத்தை யாராச்சும் முன்னால வெப்பாங்களாங்க?"

அவள் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் மறைவது விளக்குமாறுதான். கதவிடுக்கில் போகும், புழக்கடைக்குப் போகும். வருகிறவர் கண்ணில் அது பட்டால் போ என்று சொல்வதற்குச் சமம். பிறந்ததிலிருந்து கையில் வந்த பழக்கம், அன்றைக்கு மட்டும் எப்படி மறக்கும்? விளக்குமாறு பார்க்க வந்தவர்களுக்கு மரியாதை செய்வதற்காக விளக்குமாறு அத்தனையையும் ஒளித்து வைத்துவிட்டாள். கத்தி, கயிறு, ஓலை, ஒன்று விடாமல். நானும் அந்த ஊர்ப் பிள்ளைதான். எனக்கே அந்த நொடிவரை இது தோன்றவில்லை.

சூப்பரண்டின் வாய் கோணியது. சிரிப்பு என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாதே. "எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

"மோட்டார் ரூமுலங்க. எல்லாம் அங்க அடுக்கிட்டமுங்க."

"சரி, போய் எடுத்தாங்க. வேலையும் நடக்கட்டும். நான் பாக்கணும்."

அதற்குள் மச்சான் குறுக்கே வந்தார். "அதெல்லாம் ஆவட்டுமுங்க. மொதல்ல கையக் கழுவுங்க. எலை போட்டாச்சு."

"சாப்பாடு வேண்டாங்க."

"ஒரு வா மோராச்சுங்க."

"மோரும் வேண்டாங்க. தண்ணியும் வேண்டாம். கம்பெனி சட்டம்."

மச்சானுடைய கஞ்சிச் சட்டைக்குள் ஏதோ மடங்கியது. "ஏனுங்க, எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாதுங்களா?"

"தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு இங்க குடிச்சா, நாளைக்கு வாரியல் தாரேன்னு சொல்லுத அத்தன பேரு வீட்டுலயும் குடிக்கணும். பொறவு ஆபீசுல போய் வாரியலப் பத்திப் பேசுவனா, மோரப் பத்திப் பேசுவனா?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீயுமா?"

நானும் என்று தலையாட்டினேன். அடுக்களை வாசலில் நின்ற அக்காவை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சட்டம் போயிருக்கும். அப்போது ஜீப் டிரைவர் மெதுவாக இருமினார்.

"சார், அந்தச் சட்டத்துல நான் உண்டா?"

"நீ வண்டிய ஓட்டுத. வாரியலையா ஓட்டுத? போ."

டிரைவர் அன்று மூன்று பேருக்காகச் சாப்பிட்டார். அரிசியும் பருப்பும், அதன்மேல் நெய், ஒப்புட்டு, கச்சாயம், தயிர். மச்சான் பக்கத்திலேயே நின்று, எங்கள் இருவர்மேலும் இருந்த கோபத்தையெல்லாம் அவர் இலையில் பரிமாறினார். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, நீங்களாச்சும் மனுசன்." வேண்டாம் என்று டிரைவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மோட்டார் ரூமிலிருந்து பெண்கள் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் கட்டை வெளிச்சத்தில் வைத்ததும் அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டாள். நனைந்திருந்தது. குழாய் இணைப்பில் ஒழுக்கு, தரையெல்லாம் தண்ணீர். ரெண்டு நாளாக எல்லாம் அதில் ஊறியிருக்கிறது. வேப்பமரத்தடியில் ஒரு பெண் "அய்யோ சாமி" என்றாள். மச்சான் கூட இலைப் பக்கத்திலிருந்து வந்துவிட்டார்.

சூப்பரண்டு ஒன்றை எடுத்தார். மோந்தார். துணி துவைக்கும் கல்லுக்குக் கொண்டுபோய், ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். வேட்டியெல்லாம் தண்ணீர் தெறித்தது. அது அப்படியே இருந்தது, ஓர் ஈர்க்கு நழுவவில்லை. அடுத்ததை எடுத்தார். நாலாவது அடியில் அது அவிழ்ந்து கல்லைச் சுற்றிச் சிதறியது. மூன்றாவது நின்றது. நான்காவது சிதறியது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தென்னைகளைப் பார்த்தேன். அவை எப்போதும்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

"இது ஏன் நிக்கிது, அது ஏன் பிரியுது?"

அக்கா குனிந்து பொறுக்கிப் பார்த்தாள். "நிக்கறது தேங்கா நாருக் கயித்துல கட்டினதுங்க. பிரிஞ்சது வாழநாருங்க. கயிறு பத்தலை, வர்றதுக்கு லேட்டாச்சு. அதனால கொஞ்சம் வாழநாருல கட்டிப்போட்டமுங்க."

"கயிறு அடிக்கடி பத்தாமப் போகுமா?"

சொல்லாதே என்று மனதுக்குள் கத்தினேன். இல்லைங்க, எப்பவாச்சும்தானுங்க என்று சொல், அக்கா.

"போகுமுங்க. பாலக்காட்டுச் சித்தூருல இருந்து வரோணும். வண்டி வரலீன்னா பத்தாது." பிறகு, யாரும் கேட்காமலே, "மொதல்லயே வாங்கி வெக்கறதுக்கு இவிய சம்மதிக்கோணுமுங்க" என்று மச்சானைக் காட்டினாள்.

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

அப்புறம் வேலை நடந்தது. பட்டுச் சேலைகளை இடுப்பில் வரிந்து செருகிக்கொண்டு, கனகாம்பரம் காதில் விழ, பெண்கள் அந்த மெழுகிய தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் யார் வந்திருக்கிறார் என்பதையே மறந்துபோய் ஒருத்தி இன்னொருத்தியின் மாமியாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். கத்தி ஓலையின் நடுவில் ஓடும், பச்சை இருபுறமும் சுருண்டு விழும், வெள்ளையாக ஒரு நரம்பு கையில் மிஞ்சும். சாணத் தரை காணாமல் போயிற்று. சூப்பரண்டு ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் எங்கே காயவைப்பாய் என்று கேட்டார், அடுப்புக்கு மேலே பரண் காட்டினாள், ஏறிப் பார்த்தார். கொட்டகைக் கூரையைப் பார்த்தார், ஓடு மாற்ற வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். காட்டில் யானை இறங்குமுன் சின்னாறு தாண்ட வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் உடுமலைப்பேட்டை தாண்டும்வரை சூப்பரண்டு குல்லாயை மடியில் வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திடீரென்று தோள் குலுங்கியது. "ஏலே, வாரியல ஒளிச்சு வச்சிட்டு வாழைமரம் கட்டிருக்காடே உங்கக்கா!" என்று சொல்லி, கண்ணில் நீர் வர, இருமல் வர, சிரித்தார். தேர்வாகுமா என்று கேட்க நாக்கு நுனியில் வந்தது. பூட்டு. டிரைவர் கட்டி வாங்கிப் பின்சீட்டில் வைத்திருந்த ஒப்புட்டு மணத்துக்கொண்டே வந்தது.

முடிவு செய்யும் கூட்டம் மேனேஜர் அறையில் நடந்தது. மேனேஜர், சூப்பரண்டு, கணக்கு பார்ப்பவர், ஃபாக்டரி ஆபீசர். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். எஸ்டேட் கட்டிடங்களின் மரச்சுவர்கள் குளிரைத் தடுப்பதைவிடக் குறைவாகத்தான் பேச்சைத் தடுக்கும். அக்காவுக்குப் போட்டியாக நின்றவர் பொள்ளாச்சி வியாபாரி, அந்த நீல நூல்காரர். அவர் விலை குறைவு. சொந்த லாரி. சொன்ன தேதிக்கு வருவார் என்று வேறு எஸ்டேட்டுகள் சொல்லியிருந்தன. கணக்கு பார்ப்பவர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அக்காவின் கொட்டகையில் எருமை ஒவ்வோர் அடியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"கம்பி இருக்கற வாரியல ஃபாக்டரிக்குள்ள விடமாட்டேன்" என்றார் ஃபாக்டரி ஆபீசர்.

"அந்த அம்மா சரக்கு வெக்கற எடத்துல தண்ணி ஒழுகுதாமே?" இது மேனேஜர்.

"ஒழுகுது சார்" என்றார் சூப்பரண்டு. "அதனாலதாம் நனஞ்சா எது நிக்கும், எது நிக்காதுன்னு பாக்க முடிஞ்சுது. மத்தவன் எவனும் எனக்கு நனைச்சுக் காட்டல. எல்லாரும் வெயில்ல வச்சுத்தான் காட்டுனான். நமக்கு இங்க வருசத்துல பாதி மழை."

"சொன்னபடி அனுப்புவாங்களா?"

"தெரியல சார். கயிறு பத்தாமப் போகும்னு அவளே சொல்லுதா. ஒரு வருசம் குடுத்துப் பாப்போம். மொத்தத்தையும் ஒருத்தர் தலையில வைக்க வேண்டாம்."

அப்படியே ஆனது. லைன் தெருக்கள், முற்றங்கள், வெளிவேலை எல்லாம் பொள்ளாச்சிக்காரருக்கு. ஃபாக்டரியும் ஆஸ்பத்திரியும் அக்காவுக்கு, ஒரு வருடத்துக்கு, தேங்காய் நார்க் கயிற்றில் கட்டியது மட்டும். தாமதம் வந்தால் மறுபடி யோசிக்கப்படும். பெரிய பங்கு அவருக்கு, சின்னப் பங்கு இவளுக்கு. யானை ஒரு காலை வைத்துவிட்டது. மற்ற மூன்றும் இன்னும் கரையில்தான்.

சேதியைச் சொல்ல நானே பஸ் ஏறி இறங்கினேன். போய்ச் சேர்ந்தபோது மாமரத்தடியில் ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது. புத்தம்புது மூக்கணாங்கயிறு. மச்சான் வைகாசிவரை காத்திருக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் மச்சான் தாடையைத் தடவிக்கொண்டார். "அப்ப பாதிகூட இல்லியே மாப்ள. எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றதா, எடுத்துக்கலீன்னு சொல்றதா?"

"வருசம் பூரா எடுத்துக்கறாங்களா இல்லீங்களா?" என்றாள் அக்கா. குரலில் சண்டை இல்லை. கையில் ஓலை இருந்தது, கிழித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க வருசம் பூரான்னுதான் சொன்னீங்க. எத்தனைன்னு சொல்லலீங்க." கொட்டகைக்குள்ளே கத்திகளெல்லாம் நின்றுவிட்டன. அத்தனை பெண்களும் மச்சான் முகத்தைப் பார்த்தார்கள்.

மச்சான் கொட்டகையைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். எருமை அவரைப் பார்த்து அசைபோட்டது. பெரிய கம்பெனி நான்கு பேரை உட்காரவைத்து, மாதம் முழுதும் நூல் கட்டிச் செய்த காரியத்தை அவர் ஒற்றை ஆளாக, மாமரத்தடியில் நின்றுகொண்டு செய்தார். நேரமாயிற்று.

"எருமைக்கு வெளிய நல்லாக் காத்து வருது" என்றார். "இங்கயே இருக்கட்டும்."

கத்திகள் மறுபடி ஓடின. மறுநாள் அவரே சித்தூர் போய் வருடத்துக்கான கயிற்றை வாங்கி வந்தார். அக்காவிடம் சொல்லவில்லை, கொட்டகை வாசலில் போட்டுவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

முதல் லோடு கிளம்பிய அன்று நான் லீவு போட்டு வந்திருந்தேன். லாரியில் கட்டுகள் ஏறின. மச்சான் எங்கிருந்தோ ஒரு பெரிய தார்ப்பாய் கொண்டுவந்து மேலே விரித்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

"எதுக்குங்க?"

"மழை வந்தா?"

அக்கா அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். லாரி கோவிந்தாபுரம் கடைவீதி வழியாகப் போக வேண்டும். அங்கே மச்சானைத் தெரியாதவர் இல்லை. அவர்தான் முன்சீட்டில் போகிறார். "வெயில் பட்டாத்தானுங்க நல்லது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மச்சான் கட்டிய முடிச்சைத் தானே அவிழ்த்தார், தார்ப்பாயை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டார். அக்காவும் ஏறிக்கொண்டாள், கடைவீதி தாண்டி ரோடு வளையும் இடம் வரை வருகிறேன் என்று. நான் பின்னால், விளக்குமாறுகளின்மேல்.

கடைவீதியில் லாரி மெதுவாகத்தான் போக முடியும். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தே விட்டார். "ஏனுங்க பண்ணாடி! ஊரையே கூட்டிப்போடறதுன்னு கெளம்பிட்டீங்களா?" கடை முழுக்கச் சிரித்தது. மச்சானுடைய கழுத்து, பின் ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்த அந்தக் கழுத்து, சிவந்தது. லாரி நின்றேவிட்டது, முன்னால் ஒரு மாட்டுவண்டி. தப்பிக்க வழியில்லை.

"ஊரை இல்லடா. மலையை" என்றார் மச்சான். குரல் முதலில் சன்னமாக வந்தது, பிறகு தேறியது. "மூணாத்து மலையை."

"அப்படியே நம்ம கடைக்கும் ரெண்டு போட்டுட்டுப் போறது!"

மச்சான் ஜன்னலை விட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார், பக்கத்தில் இருப்பவள் வெளியே தெரியும்படி.

"அதையெல்லாம் என்னைக் கேக்காத" என்றார். "யாவாரம் அவளுது. அவளைக் கேளு."